சாதாரண தர விஞ்ஞானம்: இரசாயனப் பகுதியை எங்கிருந்து மீட்டுவது?

கேள்வி: ஐயா, நான் நிலாவெளியில் தரம் 11 இல் படிக்கிறேன். விஞ்ஞானப் பாடநூலின் இரசாயனப் பகுதிகளை முழுமையாக வாசித்து, மூலகங்களின் சேரும் ஆற்றலைக் காட்டும் எண்களான வலுவளவுகளையும் பாடமாக்கிவிட்டேன். ஆயினும் சமன்பாடுகளைச் சமப்படுத்துவதிலும் மூல் கணக்குகளிலும் தடுமாறுகிறேன். எந்த ஒழுங்கில் மீட்டினால் பயன் உண்டு?

பதில்: மகள், நீங்கள் பாடமாக்கிய வலுவளவுப் பட்டியல்தான் உங்களைத் தடுமாற வைக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணுக்குப் பின்னாலுள்ள காரணம் தெரியாதபோது, வினா சற்று மாறி வந்தாலே எந்த எண்ணை எங்கே இடுவதென்று குழம்பிவிடும். ஆகவே தரம் 10 இல் படித்த அணுவின் கட்டமைப்பிலிருந்தே தொடங்குங்கள். ஐதரசன் முதல் கல்சியம் வரையான 20 மூலகங்களின் அணுவெண்கள் தெரிந்திருந்தால் அவற்றின் இலத்திரன் நிலையமைப்பை, அதாவது ஒவ்வோர் ஓட்டிலும் எத்தனை இலத்திரன்கள் என்பதை, நீங்களே எழுதிவிடலாம். அதை எழுதியதும் அம்மூலகம் ஆவர்த்தன அட்டவணையில் எந்தக் கூட்டத்தில், எந்த ஆவர்த்தனத்தில் இருக்கிறது, இலத்திரனை இழக்குமா ஏற்குமா, அதன் வலுவளவு என்ன என்பவை யாவும் அதிலிருந்தே வந்துவிடும். மகனீசியத்தின் நிலையமைப்பு 2, 8, 2. குளோரீனுடையது 2, 8, 7. முன்னது இரண்டு இலத்திரன்களை இழக்க, பின்னது ஒன்றை மட்டுமே ஏற்பதால், ஒரு மகனீசியம் அயனுக்கு இரண்டு குளோரைட்டு அயன்கள் வேண்டியிருக்கின்றன. அமோனியம், ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று, சல்பேற்று, காபனேற்று போன்ற பல்லணு அயன்களை மட்டும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு வேறு வழியில்லை.

சூத்திரம் கைவந்த பின்னரே சமன்பாட்டுக்குப் போக வேண்டும். விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்றுண்டு. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாகும் தாக்கத்தில், வலப்பக்கத்தில் ஓர் ஒட்சிசன் அணு குறைகிறதென்று கண்டு, நீரின் சூத்திரத்துக்குள்ளேயே ஒட்சிசனுக்குக் கீழே 2 ஐ எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை சமப்பட்டுவிடும், ஆனால் இப்போது அங்கே இருப்பது நீரல்ல, ஐதரசன் பேரொட்சைட்டு. சூத்திரத்துக்கு முன்னால் இடும் எண்ணை மாற்ற மட்டுமே நமக்கு உரிமை உண்டு.

இனி மூல். அது 6.022 × 10²³ என்ற எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு, அவ்வளவுதான். அரிசியை எவரும் மணி மணியாக எண்ணி விற்பதில்லை, நிறுத்தே விற்கிறார்கள். அணுக்களையும் மூலக்கூறுகளையும் நாம் அவ்வாறே திணிவைக் கொண்டு எண்ணுகிறோம். உங்கள் கடற்கரையில் கிடக்கும் சிப்பி ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆனது. கல்சியம் 40, காபன் 12, மூன்று ஒட்சிசன் 48 என்று கூட்டினால் அச்சேர்வையின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 100 கிராம் என்று வரும். ஆகவே தூய கல்சியம் காபனேற்று 25 கிராம் என்பது 0.25 மூல். அதை வலுவாகச் சூடேற்றிப் பிரிகையடையச் செய்தால் கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் ஒவ்வொன்றும் 0.25 மூல் வீதம் கிடைக்கும். அவற்றின் மூலர்த் திணிவுகள் 56, 44 என்பதால் முன்னது 14 கிராம், பின்னது 11 கிராம். இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 25. சூத்திரம், சமன்பாடு, மூல், திணிவுக் காப்பு நான்கும் ஒரே கணக்கில் கைகோக்கின்றன என்பதால், எண்களை மாற்றி மாற்றி இதையே செய்து பாருங்கள். அதே சிப்பி ஓட்டைப் பொடித்து அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றை விட்டால் எழும் குமிழிகளும் காபனீரொட்சைட்டுத்தான். தெளிந்த சுண்ணாம்பு நீரை அது பால்போலாக்கும்.

கேள்வி: உப்பளத்தின் மூன்று பாத்திகளில் எதில் எது படியும் என்பது எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. எடுத்த உப்பை ஏன் மாதக்கணக்கில் குவித்து வைக்கிறார்கள்? (மூதூர் மாணவர்)

பதில்: பாத்திகளின் ஒழுங்கு கரைதிறனின் ஒழுங்கேயன்றி வேறில்லை. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பங்கு சோடியம் குளோரைட்டு என்றாலும், அது நீரில் நன்றாகக் கரைவதால் முதலில் படிவதில்லை. நீர் ஆவியாகிக் கரைசல் செறிவடையும்போது, மிகக் குறைவாகக் கரையும் கல்சியம் காபனேற்று முதலாவது பாத்தியிலேயே படிந்துவிடும். அடுத்த பாத்தியில் கல்சியம் சல்பேற்று படியும். கடல்நீரின் கனவளவு ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறுகிய பின்னர்தான் மூன்றாவதில் சோடியம் குளோரைட்டு பளிங்காகத் தொடங்கும். அப்போதும் கரைசலில் எஞ்சி நிற்பவை மகனீசியம் உப்புகள். உப்போடு ஒட்டிக்கொண்டு வரும் மகனீசியம் குளோரைட்டு கைப்புச் சுவையுடையது. வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும் இயல்பும் அதற்குண்டு. குவியலாக வைத்திருக்கும் காலத்தில் அது கரைந்து வடிந்துவிட, சோடியம் குளோரைட்டு மிஞ்சுகிறது.

உப்பளம் அமைப்பதற்கு ஏற்ற நிபந்தனைகளையும் வினாவாகக் கேட்பதுண்டு. நிலாவெளி உப்பளத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அவற்றைப் பாடமாக்க வேண்டியதில்லை: தட்டையான நிலம், நீரை எளிதில் கசிய விடாத மண், அருகிலேயே கடல்நீர், கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலும் வறட்சியும். மாரி மழை தொடங்கினால் வேலை ஏன் நின்றுவிடும் என்பதற்கும் அங்கேயே விடை இருக்கிறது.

கேள்வி: இரும்புக் கப்பல்களின் அடிப்பாகத்தில் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தின் துண்டுகளைப் பொருத்துவார்கள் என்று வகுப்பில் படித்தோம். இரும்பை மூடாத நாகம் அதை எவ்வாறு துருவிலிருந்து காக்கும்? (கிண்ணியா மாணவி)

பதில்: மூடிக் காப்பது வேறு, தான் முந்திக்கொண்டு காப்பது வேறு. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். கடல்நீரில் கரைந்துள்ள உப்பு அயன்கள் அதை விரைவுபடுத்துகின்றன. தாக்குதிறன் குறையும் வரிசையில் உலோகங்களை அடுக்கினால் நாகம் இரும்புக்கு மேலே நிற்கும். ஆகவே இரண்டும் தொட்டுக்கொண்டு கடல்நீரில் இருக்கும்போது நாகமே இலத்திரன்களை இழந்து அரிக்கப்பட, இரும்பு இலத்திரன்களை இழக்காத முனையான கதோட்டாகித் தப்பிவிடுகிறது. நாகத் துண்டு கரைந்து தீர்ந்தால் புதியதைப் பொருத்த வேண்டும். இதன் மறுபக்கத்தையும் கேட்பார்கள்: வெள்ளீயம் பூசிய பேணியில் கீறல் விழுந்தால் இரும்பு முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கும், ஏனெனில் வெள்ளீயம் அவ்வரிசையில் இரும்புக்குக் கீழே இருக்கிறது. நாகம் பூசிய கூரைத் தகடு கீறுபட்டாலும் இரும்புக்கு உடனே கேடில்லை.

கேள்வி: கடந்தகால வினாத்தாள்களை மட்டும் செய்தால் போதும் என்கிறான் மகன். இது சரியா? (தம்பலகாமத்துத் தாய் ஒருவர்)

பதில்: போதாது அம்மா. எது தெரியாது என்பதைக் காட்டித் தரும் வேலையை வினாத்தாள் நன்றாகச் செய்யும். தெரியாததைக் கற்றுத் தருவதற்குப் பாடநூல்தான் வேண்டும். பல்தேர்வு வினாவில் சரியான விடையைத் தெரிந்தெடுப்பதோடு நிறுத்தாமல், மற்றவை ஏன் பிழை என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அமைப்புக் கட்டுரை வினாக்களில் புள்ளிகள் வீணே பறிபோவது, நோக்கலைக் கேட்ட இடத்தில் முடிவை எழுதுவதால். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் நாகத் துண்டை இட்டால் ‘ஐதரசன் வெளியேறியது’ என்பது நோக்கல் அன்று. குமிழிகள் எழுந்தன, நாகம் படிப்படியாகக் கரைந்தது, சோதனைக் குழாய் சூடாயிற்று என்பவையே கண்ணும் கையும் அறிந்தவை. அந்த வாயு ஐதரசன் என்று சொல்ல, எரியும் குச்சியைக் குழாயின் வாயருகே கொண்டுசென்று ‘பொப்’ என்ற ஒலி கேட்டிருக்க வேண்டும்.