4294967297: அண்ணா சொன்னது சரியா?

கேள்வி: 32 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் 4294967297. இது முதன்மை எண் என்கிறேன் நான், இல்லவே இல்லை என்கிறார் அண்ணா. 2இலிருந்து 101 வரை எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துவிட்டேன், ஒன்றாலும் மீதியில்லாமல் போகவில்லை. நான்தானே சரி?
- தரம் 11 மாணவி, சுன்னாகம்

பதில்: இல்லை தங்கச்சி, இந்த முறை அண்ணாதான் சரி. ஆனால் நீங்கள் கடிதத்தோடு வைத்த கொப்பித் தாள்களைப் பார்த்து எனக்குச் சரியான சந்தோசம். 97ஆல் வகுத்ததை இரண்டு தடவை வெட்டி, மூன்றாம் தடவை மீதி 36 என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரி. 101க்கு மீதி 69, அதுவும் சரி. அதோடு நிறுத்திவிட்டீர்கள், அதுதான் பிழை. 101க்குப் பிறகு வரும் 90ஆவது முதன்மை எண் 641. அதனால் வகுத்தால் மீதியில்லாமல் 6700417 வரும். 6700417ஐ 600ஆல் பெருக்கினால் 4020250200, 41ஆல் பெருக்கினால் 274717097, இரண்டையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் எண் அப்படியே வரும்.

உங்களுக்கு வந்த எண்ணம்தான் கணிதவியலாளர் பெர்மாவுக்கும் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. 2இன் 1ஆம், 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் வலுக்களை (அதாவது அத்தனை இரண்டுகளின் பெருக்கத்தை) எடுத்து 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள், ஆகவே அடுத்ததும் அப்படித்தான் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதை உடைத்தார். இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி ஒன்று இருந்தால் அது 64இன் மடங்கோடு 1ஐக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே அகப்பட்டுவிடும்!

வகுக்காமலே காட்டவும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. 5ஐ 128ஆல் பெருக்கினால் 640, அதாவது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 625 × (2இன் 28ஆம் வலு), மீதி 1. 625 என்பது 641க்கு 16 குறைவு, எனவே அதை −16 என்று மாற்றிக்கொள்ளுங்கள். 16ஓ 2இன் 4ஆம் வலு, 4உம் 28உம் சேர்ந்தால் 32. ஆக, 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி −1, 1ஐக் கூட்டினால் பூச்சியம். இதை ஒருதரம் ஆறுதலாக எழுதிப் பாருங்கள்.

சரி, 6700417 முதன்மை எண்ணா என்று அண்ணா கட்டாயம் கேட்பார். முதன்மை எண்தான். அதன் வர்க்கமூலம் 2588ஐத் தாண்டி 2589ஐ எட்டாது, அதற்குள் 64 விதிக்குப் பொருந்துகிற முதன்மை எண்களில் 641இலிருந்து மிச்சம் ஏழுதான்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழு வகுத்தலையும் போட்டு, மீதிகளோடு அடுத்த கடிதத்தை அனுப்புங்கள்.