மின்னல் சிக்னலையும் பூகம்ப சிக்னலையும் எப்படி பிரிச்சுப் பாக்குறது?
விஎல்எஃப் (ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண் ரேடியோ அலை) ரிசீவர்ல சடசடன்னு கேக்குறது மின்னலா, பூகம்பத்துக்கு முன்னாடி வர்ற சிக்னலான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல மின்னல்னே வச்சுக்கோங்க, ஏன்னா உலகம் முழுக்க செகண்டுக்கு 40, 50 மின்னல் வெட்டிட்டே இருக்கு, அந்த சிக்னல் தரைக்கும் அயனோஸ்பியருக்கும் (வானத்துல உயரத்துல இருக்குற மின்னூட்டம் உள்ள காத்து அடுக்கு) நடுவுல மோதி மோதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும், அதனால உங்க ஊர் வானம் தெளிவா இருந்தாலும் கேக்கும். ஒவ்வொரு துடிப்பும் சில மில்லிசெகண்ட்தான், பவர் அதிகம் 5-10 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ராத்திரில தூரத்து மின்னல் 1.7 கிலோஹெர்ட்ஸ் கிட்ட இழுத்துக்கிட்டு 'ட்வீக்'னு கேக்கும்.

உறுதியான வழி டைமிங்தான். ஜிபிஎஸ் நேரத்தோட நாலஞ்சு ஸ்டேஷன்ல ஒரே துடிப்பு பதிவானா, நேர வித்தியாசத்த வச்சு இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மின்னல் விழுற இடத்தையும் நேரத்தையும் பதிவு பண்ற நெட்வொர்க்கோட லிஸ்ட்ல அந்தத் துடிப்பு இருந்தா கழிச்சிடுங்க, ஆனா லிஸ்ட்ல இல்லைங்கறதுக்காக அது பூகம்பம் ஆகிடாது, சின்ன மின்னல் நிறைய தப்பிச்சிடும்.

பூகம்பத்துக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் 1989ல கலிஃபோர்னியாவுல வந்த லோமா பிரியேட்டா பூகம்பம். மையத்துல இருந்து 7 கிலோமீட்டர்ல இருந்த கோராலிட்டோஸ்ங்கற இடத்துக் காந்தப்புலக் கருவில, ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர் ஃப்ரேசர்-ஸ்மித் குழு பூகம்பத்துக்கு முன்னாடி 0.01 ஹெர்ட்ஸ் பக்கம் காந்தப்புல சிக்னல்ல பெரிய ஏத்தம் பாத்தாங்க. அதிர்வெண் இவ்வளவு கம்மியா இருக்கறதால மின்னல் துடிப்போட இத குழப்பிக்கவே முடியாது, இங்க எதிரி சூரியனால வர்ற காந்தப்புல மாற்றமும் கருவிக் கோளாறும்தான். 2009ல மறுபடி அலசினவங்க அது கருவிக் கோளாறா இருக்கலாம்னு எழுதினாங்க, எனக்கும் அவங்க வாதம்தான் வலுவா படுது. அதனால தூரத்துல இன்னொரு ஸ்டேஷன் டேட்டாவ பக்கத்துல வச்சுப் பாக்காம எதையும் பூகம்ப சிக்னல்னு சொல்லாதீங்க, ஜனங்க வீணா பயந்துடுவாங்க.