செல்போன் சிக்னல் இல்லாத ஊரில் அச்சுப் புத்தகத்தை நம்பிப் போகலாமா?

கேள்வி: அச்சிட்ட பயண வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி ஒரு பகுதியைச் சுற்றி வர முடியுமா? இந்தக் காலத்தில் அதனால் பயன் உண்டா?

முடியும். 2022 செப்டம்பரில் நானும் தங்கையும் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பத்து நாள் அப்படித்தான் சுற்றினோம். கையில் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய 2017ஆம் ஆண்டுப் பதிப்பு. வழியில் உள்ள கின்னௌர் மாவட்டத்தைத் தாண்டியதுமே இருவர் போனிலும் சிக்னல் போய்விட்டது. அப்புறம் எல்லாம் அந்தப் புத்தகம்தான்.

அது செய்த பெரிய உதவி, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே நடந்தது. ஸ்பிதிக்கு இரண்டு வழி: சிம்லா, கின்னௌர் வழியாக ஒன்று, மணாலி வழியாக ஒன்று. மணாலி வழி தூரம் குறைவு என்பதால் தெரிந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். புத்தகமோ, உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும், கின்னௌர் வழியாகவே ஏறுங்கள் என்று அரைப் பக்கம் விளக்கியிருந்தது. கின்னௌரில் இருக்கும் ரெகாங் பியோ சுமார் 2,300 மீட்டர், ஸ்பிதியில் இருக்கும் தாபோ 3,300, காஸா 3,700 என்று ஊர் ஊராகப் படிப்படியாக ஏறலாம். மணாலியிலிருந்து கிளம்பினால் அன்றே 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் குன்ஸும் கணவாயைத் தாண்டியாக வேண்டும். நாங்கள் புத்தகத்தின் பேச்சைக் கேட்டோம். காஸாவில் எங்கள் பக்கத்து அறையில் மணாலி வழியாக வந்த இரண்டு பையன்கள் தலைவலியும் வாந்தியுமாக ஒன்றரை நாள் படுத்தே கிடந்தார்கள். பாவமாக இருந்தது.

அடுத்தது தாபோ. 996இல் கட்டிய பௌத்த மடாலயம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர். தெரியாமல் போயிருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பியிருப்போம். உள்ளே இருட்டு, டார்ச் கொண்டு போங்கள், சுவரோரமாக வலம் வந்து பாருங்கள் என்று புத்தகத்தில் இருந்தது. டார்ச்சைத் தூக்கிப் பிடித்ததும் தலைக்கு மேலே சுவரை ஒட்டி ஒரு சுதை உருவம் தெரிந்தது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. மண்டபம் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கீழே வண்ண ஓவியங்கள். சில இடத்தில் மழைநீர் வழிந்த தடம், அதன் பக்கத்திலேயே ஆயிரம் வருடம் பழைய நீலம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொன்றின் முன்பும் நின்று, பக்கத்தைத் திருப்பிப் படித்து, மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தோம். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

சரி, எங்கே காலை வாரியது? ரெகாங் பியோவிலிருந்து காஸா பக்கம் போகும் பேருந்து, புத்தகத்தில் இருந்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறது. முந்தின நாள் மாலை கவுண்டரில் கேட்டதால் தப்பித்தோம். காஸாவில் ஏடிஎம் உண்டு என்று போட்டிருந்தது. நாங்கள் போன அன்று அதில் பணமே இல்லை. திரும்பும்போது மணாலி வழியாக வந்தோம். அந்த வழியில் இருக்கும் ரோதாங் கணவாயின் நெரிசலைப் பற்றி நீளமாக எச்சரித்திருந்தார்கள், நாங்களும் அதற்கென்று ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கியிருந்தோம். ஆனால் 2020 அக்டோபரிலேயே, கணவாயில் ஏறாமல் மலைக்கு அடியில் போகும் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தாகிவிட்டது. நாங்கள் வந்த வண்டி ரோதாங் பக்கமே போகவில்லை. சுரங்கம் புதிது என்று தெரிந்திருந்தும் அந்தப் பக்கத்தை அப்படியே நம்பியது என் தப்பு. அந்த ஒரு நாளைத் தாபோவில் கழித்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைப்பேன்.

போன மாதம் சித்தப்பா மகன் ஸ்பிதிக்குக் கிளம்பினான். அதே புத்தகத்தைத்தான் கொடுத்தேன். ரோதாங் பக்கத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, உள்ளட்டையில் எழுதினேன்: பஸ் நேரத்தை முந்தின நாளே கேள். பணம் சிம்லாவிலேயே எடு. டார்ச்சுக்குப் புது பேட்டரி போடு.