ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பல சர்வர்களில் இயங்கும் மாஸ்டடான் போன்ற பரவலாக்கப்பட்ட சமூக ஊடகத் தளங்களில் ஒரே பயனர்பெயரை இருவர் எடுத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். அப்படி எடுத்தாலும் குழப்பம் வராததற்குக் காரணம் முகவரியின் பின்பாதி.

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுத உட்காருகிறவர், பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊருங்க?" என்றுதான் கேட்பார். அந்த ஊரிலேயே இரண்டு பழனிச்சாமிகள் இருந்தால் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து, ‘மேட்டுத்தோட்டம் பழனிச்சாமி’ என்று நோட்டில் எழுதிக்கொள்வார். உலகத்துக்கே ஒரு பழனிச்சாமிதான் இருக்க வேண்டும் என்ற தேவை அங்கே எழுவதில்லை. மாஸ்டடானிலும் இதே வழக்கம்தான்: அட் குறிக்கு முன்னால் வருவது ஆளின் பெயர், பின்னால் வருவது அவர் கணக்கு வைத்திருக்கும் சர்வரின் டொமைன். ஒரே பெயரில் இரண்டு கணக்கு சேராமல் பார்த்துக்கொள்வது அந்தந்தச் சர்வரின் பொறுப்பு. நாம் ஒருவரைத் தேடும்போது, 2013இல் தரப்படுத்தப்பட்ட வெப்ஃபிங்கர் முறைப்படி நம் சர்வர் அவருடைய சர்வரிடம் நேராக விசாரித்து, கணக்கின் முழு இணைப்பை வாங்கிக்கொள்கிறது.

டொமைன்கள் ஒன்றுபோல் இரண்டு வராமல் காப்பது இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ். காம், இன் போன்ற முடிவுகளைக் கொண்ட அதன் உச்சிப் பட்டியலை ஐகான் என்ற சர்வதேச அமைப்பு ஒருங்கிணைக்கிறது. ஆகவே பரவலாக்கம் என்று நாம் பேசுவதன் அடியில் ஒரு மையம் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானின் ஏஎஃப் முடிவு கொண்ட ஒரு மாஸ்டடான் சர்வரின் டொமைனைத் தாலிபான் நிர்வாகம் முடக்கியபோது, அதிலிருந்த முகவரிகள் அத்தனையும் செல்லாமல் போயின. நான் முதலில் சேர்ந்த சிறிய சர்வரும் முன்னறிவிப்பின்றி நின்றுபோனது. பின்தொடர்பவர்களைப் புதிய கணக்குக்குக் கூட்டிச்செல்லும் வசதி மாஸ்டடானில் உண்டு என்றாலும், பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும் என்பதால், எனக்குப் பழக்கமானவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று.

நாஸ்டர் என்ற இன்னொரு பரவலாக்கப்பட்ட வலையமைப்பில் பெயர்ப் பதிவேடே இல்லை. கணிதத்தால் உருவாகும் பொதுத் திறவுகோல் என்ற நீண்ட எழுத்துச் சரம்தான் அடையாளம். இன்னொருவருக்கு அதே திறவுகோல் அமைய நடைமுறையில் வாய்ப்பே கிடையாது, ஆனால் அந்த 63 எழுத்துகளை எவரும் வாயால் சொல்ல முடியாது. ப்ளூஸ்கை என்ற தளம் பெயரையும் அடையாளத்தையும் பிரித்து வைத்திருக்கிறது: வெளியே தெரியும் பெயர் ஒரு டொமைன், உள்ளே டிஐடி என்ற மாறாத அடையாளம். பின்தொடர்பவர்கள் டிஐடியோடு கட்டப்பட்டிருப்பதால் பெயரை மாற்றினாலும் உறவு அறுவதில்லை. என் பார்வையில் இதுவே சரியான ஏற்பாடு. இப்போது என் சொந்த டொமைனையே அங்கே பெயராக வைத்திருக்கிறேன். டொமைன் என்னுடையது என்று காட்டும் டிஎக்ஸ்டி பதிவு என்ற ஒரு வரியை டிஎன்எஸ்ஸில் சேர்த்ததோடு வேலை முடிந்தது. டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.