பேய் மாளிகை லவ் ஸ்டோரி: தனி இதழா, தொகுப்பா?

கேள்வி: ஒரு கோதிக் ஹாரர் காமிக்ஸ் மேல கண்ணா இருக்கேன். பாழடைஞ்ச மாளிகை, செத்தும் அடங்காத ஒரு சீமான், அவனுக்குச் சவப்பெட்டி செய்ய வந்த பொண்ணு, ரெண்டு பேருக்கும் லவ்வு, நடுநடுவுல சாவு வீட்டுல சிரிப்பு வந்து அடக்க முடியாம தவிப்போமே அந்த மாதிரி ஜோக்கு. முதல் இதழே நாலு அட்டைல வந்திருக்கு. எதை வாங்க? இல்ல தொகுப்பு வர்ற வரை பொறுக்கவா?

பதில்: அட்டை கதையை முதல்ல முடிச்சிடுவோம். நாலுக்குள்ளயும் இருக்கறது ஒரே கதைதாங்க. இதுல 1:25னு போட்டு ஒண்ணு தனி விலைக்கு வரும், கடைக்காரர் சாதா அட்டைல 25 எடுத்தாத்தான் அது ஒண்ணு அவருக்குக் கிடைக்கும், அதனால வர்ற விலை அது. படிக்க வாங்கறவங்களுக்கு அது தேவையே இல்ல.

அடுத்து தனி இதழ். அமெரிக்க சைஸ் இதழ்ல கதை பொதுவா 20, 22 பக்கம்தான், மிச்சம் விளம்பரம். அஞ்சு ஆறு இதழ் சேர்ந்தா ஒரு தொகுப்பு. நான் தொகுப்பு கட்சி, அதுவும் இந்த மாதிரி கதைக்கு. ஏன்னா வலது பக்கக் கடைசிக் கட்டத்துல கல்லறை மூடி லேசா நகரும், நாம பயந்துக்கிட்டே பக்கத்தைத் திருப்புனா உள்ள இருக்கறவன் "கொஞ்சம் காத்து வரட்டும்னுதான்"ம்பான், அந்த இடத்துல ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்து உக்காந்தா பயமும் போச்சு சிரிப்பும் போச்சு. போன்ல கட்டம் கட்டமா படிச்சாலும் இதே கதிதான்.

ஆனா ஒண்ணு, சின்ன பதிப்பகம்னா தனி இதழ் விக்கலைன்னா சீரிஸ் பாதியிலயே நின்னுடும், அப்புறம் தொகுப்பு எங்க வர? அப்படி பயம் இருந்தா முதல் இதழை மட்டும் முன்பதிவு பண்ணுங்க, கடைக்காரர் எத்தனை காப்பி எடுக்கறார்ங்கறதே அதை வச்சுத்தான்.

பேப்பரைப் பாக்காம வாங்காதீங்க. கோதிக்னா பக்கம் முழுக்க கருப்பு மை. பளபள பேப்பர்ல அது லைட்டை அடிச்சு நம்ம மூஞ்சியையே காட்டும், தொட்டா விரல் ரேகை வேற (துப்பறியும் கதைன்னா பரவால்ல). மேட் பேப்பர் நல்லது. கருப்பு அட்டைல முதுகுப் பக்கம் ஒரு மடிப்பு விழுந்தாலும் வெள்ளைக் கோடா தெரியும், அதனால பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துடுங்க. வெறும் பசை பைண்டிங்னா ரெண்டு பக்கம் சேர்ந்த பெரிய படத்துல நடுப்பகுதி உள்ள போயிடும், பாதி நேரம் முத்தம் குடுக்கற இடமே அங்கதான் இருக்கும். நூல் தையல் ஹார்ட்கவர்னா நல்லா விரியும்.

கேள்வி: டிஜிட்டல்ல வாங்கினா ஃப்ரெண்டுக்குப் படிக்கக் குடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. பட்டன்ல 'வாங்கு'ன்னு இருந்தாலும் கிடைக்கறது படிக்கற உரிமை மட்டும்தான். பூட்டு இல்லாத பிடிஎஃப்பா இறக்கிக்க விடறாங்களான்னு பாருங்க, அப்படின்னா கடையே மூடினாலும் உங்க காப்பி உங்ககிட்ட இருக்கும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு, அட்டை அழகா இருக்குன்னு கேக்கறா. வாங்கித் தரலாமா?

பதில்: அட்டையை நம்பாதீங்க. அமெரிக்காவுல 1954ல பதிப்பகங்களே சேர்ந்து காமிக்ஸ் கோடுன்னு ஒரு கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்து ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுஷன் எல்லாத்துக்கும் தடை போட்டாங்க, 1971ல தளர்த்தினாங்க, 2011ல மிச்சம் இருந்த பதிப்பகங்களும் அதைக் கைவிட்டுட்டாங்க. இப்போ வயசு முத்திரையை அவங்கவங்களே போட்டுக்கறாங்க, ஒருத்தர் டீன்ங்கறது இன்னொருத்தர்கிட்ட மெச்சூர், அதாவது பெரியவங்களுக்கானது. பின்னட்டைல மெச்சூர்னு இருந்தா இப்போ வேணாம். அது இல்லைன்னா ரத்தத்தை விட காதலை கவனிச்சுப் பாருங்க, ஏன்னா மாளிகைல அடைச்சு வைக்கறதையே காதல்னு காட்டற கதை இந்த வகைல நிறைய, அதைக் கிண்டல் பண்ணுதா இல்ல உருகுதான்னு ஓசி முன்னோட்டப் பக்கங்கள்லயே ஓரளவு தெரிஞ்சிடும். சந்தேகமா இருந்தா முதல்ல நீங்க படிச்சிட்டு அப்புறம் குடுங்க.