‘ஆஃப்’ வருமா, ‘ஆன்’ வருமா? பழைய ஆங்கிலப் பிரிபொசிஷன்கள்: கேள்வி பதில்

கே: ஐயா, 1611 ஆங்கில பைபிளில் இயேசுவைப் பிசாசு சோதித்த இடத்தில் ‘டெம்ப்டட் ஆஃப் த டெவில்’ என்று இருக்கிறது. ‘பை’ அல்லவா வர வேண்டும்?

ப: இன்றைக்கு ‘பை’. அன்றைக்குச் செயப்பாட்டு வினையில் செய்தவரைக் காட்ட ‘ஆஃப்’ தாராளமாக வந்தது. யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றதும் அதே நூலில் ‘பாப்டைஸ்ட் ஆஃப் ஜான்’தான். ‘ஆஃப்’ என்று கண்டவுடன் ‘உடைய’ என்று பொருள் எழுதிவிடாதீர்கள். முதலில் வினையைப் பாருங்கள்.

‘பை’யும் கவிழ்க்கும். 1 கொரிந்தியர் 4:4இல் பவுல் ‘ஐ நோ நத்திங் பை மைசெல்ஃப்’ என்கிறார். ‘நானாக எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று அடக்கமாகப் பேசுவதுபோல் இருக்கும். அங்கே ‘பை’க்கு ‘எதிராக’ என்று பொருள். என்மேல் எந்தக் குற்றமும் எனக்குத் தெரியவில்லை என்கிறார்.

கே: ‘பிட்வீன்’ இருவருக்கு, ‘அமங்’ பலருக்கு. சரிதானே?

ப: சாமுவேல் ஜான்சன் 1755 அகராதியில் அப்படித்தான் சொன்னார், இந்தத் துல்லியம் எப்போதும் காக்கப்படுவதில்லை என்றும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். முதல் பாதியை மட்டும் பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன.

கே: ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், கனவுகள் எதனால் ஆனவையோ அதனால் ஆனவர்கள் நாம் என்கிறார் பிராஸ்பரோ. அங்கே ‘மேட் ஆன்’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

ப: இல்லை. 1623 தொகுப்பிலேயே ‘ஆன்’தான். ‘ஆஃப்’ என்று திருத்தி மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் பிழை செய்கிறார்கள்.

காரணம் ஒலியில் இருக்கிறது. அழுத்தமில்லாமல் சொல்லும்போது ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டுமே தேய்ந்து ‘அ’ என்றோ ‘ஒ’ என்றோ நின்றுவிடும். ‘ஓ கிளாக்’கில் இருப்பது தேய்ந்த ‘ஆஃப்’. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ இரண்டிலும் முன்னால் நிற்கும் ‘அ’ தேய்ந்த ‘ஆன்’. அப்போஸ்தலர் 13:36இல் தாவீது இறந்ததை ‘ஃபெல் ஆன் ஸ்லீப்’ என்று தேயாத வடிவத்திலேயே காணலாம். யோவான் 21:3இல் பேதுரு ‘ஐ கோ அ ஃபிஷிங்’ என்று கிளம்புகிறாரே, அந்த ‘அ’வும் ‘ஆன்’தான். காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் எழுதும் கை எதையும் எழுதும்.

கே: இது நம் உருபு மயக்கம்தானே? இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்?

ப: பெயர் வைத்துவிட்டால் காரணம் சொன்னதாகிவிடுமா?

கே: முன்னவருக்காக நான் கேட்கிறேன். ‘காலத்தினாற் செய்த நன்றி’ என்ற குறளில் ‘காலத்தில்’ என்பதற்கு ‘ஆல்’ வரவில்லையா? தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலே இருக்கிறதே!

ப: இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ‘ஆல்’ என்பதும் ‘இல்’ என்பதும் தேய்ந்து ஓர் ஒலியாகி, அதனால் வள்ளுவர் குழம்பி எழுதவில்லை. அங்கே ஒரு வேற்றுமையின் பொருளில் இன்னொன்றின் உருபு நிற்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து ‘ஆன்’னில் ஒலித்தேய்வும் சேர்ந்துகொண்டது. உங்கள் ஒப்புமை ‘டெம்ப்டட் ஆஃப்’புக்கு நன்றாகப் பொருந்தும், ‘மேட் ஆன்’னுக்குப் பாதிதான் பொருந்தும். தொல்காப்பியரை இழுத்ததற்காக வருத்தமில்லை, இன்னும் இழுங்கள்.

கே: அப்படியானால் பரமண்டல ஜெபத்தில் ‘இன் எர்த்’ என்று வருவதும் ஒலித்தேய்வா?

ப: இல்லை. 1611இல் பூமிக்கும் ‘இன்’, பரலோகத்துக்கும் ‘இன்’. பிற்காலத்தவர் பூமிக்கு மட்டும் ‘ஆன்’ போட்டார்கள். தமிழில் ‘பரமண்டலத்திலே’, ‘பூமியிலேயும்’ என்று இரண்டுக்கும் ‘இல்’லே போதும் என்பதால் இந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை.

கே: மூவருக்கு இடையே என்றால் ‘பிட்வீன்’ தவறா?

ப: மேலே ஜான்சன் இருக்கிறார்.

கே: திருமண அழைப்பிதழ் பழைய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘டூ’ வரும் இடமெல்லாம் ‘அன்டூ’ போடலாமா?

ப: வேண்டாம். ‘டூ’தான் மூத்தது; ‘அன்டூ’ அதற்குப் பிறகு, ‘அன்டில்’ என்பதன் சாயலில் பிறந்தது. 1611 பைபிளிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. ‘அன்டூ’வைத் தூவினால் பழமை வராது, வேடம்தான் வரும்.

கே: ‘ஃபைட் வித்’ என்றால் சேர்ந்தா, எதிர்த்தா?

ப: ‘வித்’ ஆதியில் ‘எதிராக’. ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘உடன்’ என்பதற்கு அன்று ‘மிட்’ என்று வேறு சொல் இருந்தது. பிரசவத்தின்போது உடனிருக்கும் ‘மிட்வைஃப்’பில் அது மிஞ்சியிருக்கிறது.

கே: வேலை விண்ணப்பத்தில் ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எழுதுவதா, ‘டிஃபரன்ட் டூ’வா?

ப: இன்றைய ஆங்கிலத்துக்கு வேறு ஆளைக் கேளுங்கள் தம்பி. ‘ஃப்ரம்’ எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கே: நால்வருக்கு ‘பிட்வீன்’...

ப: ஜான்சன்!

கே: 2 இராஜாக்கள் 16:11இல் ஆசாரியன் உரியா பலிபீடத்தை ‘அகெயின்ஸ்ட் கிங் ஏஹாஸ் கேம்’ என்று கட்டினானாம். ராஜாவை எதிர்த்தா கட்டினான்?

ப: நல்ல கேள்வி. எதிர்க்கவில்லை. ராஜா தமஸ்குவிலிருந்து அனுப்பிய மாதிரியின்படியே, அவன் வந்து சேர்வதற்குள் கட்டிமுடித்துவிட்டான். ‘வருவதற்குள், வரவை எதிர்நோக்கி’ என்பதே இந்த ‘அகெயின்ஸ்ட்’. பின்னால் ‘கேம்’ என்ற வினை நிற்பதைப் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.