காற்றில் டிஸ்க் கோல்ஃப்: கேள்வி பதில்

டிஸ்க் கோல்ஃபில், அதாவது வட்டமான டிஸ்க்கை எறிந்து சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டத்தில், காற்று வீசும் நாளில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது, எறிவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு விஷயம். தனியாகக் குறிப்பிடாதவரை நான் சொல்வதெல்லாம் வலக்கை பேக்ஹேண்டுக்கு, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னே வர எறிவதற்கு. அந்த எறியில் மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரச் சுற்றாகச் சுழலும். வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதுதான் டர்ன். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சாயும், அது ஃபேட். ஹைசர் என்றால் இடது விளிம்பு தாழ்ந்த சாய்வு, அன்ஹைசர் என்றால் வலது விளிம்பு தாழ்ந்த சாய்வு.

கேள்வி: அமைதியான நாளில் நேராகப் போகும் என் டிரைவர் (தொலைதூர டிஸ்க்), எதிர்காற்றில் வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் மோதுகிறது. அதே டிஸ்க், அதே எறி. ஏன்?

டிஸ்க்குக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். நீங்கள் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில் எறிகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே நொடிக்கு 5 மீட்டர் காற்று. டிஸ்க்கைப் பொறுத்தவரை அது 30 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 30-ஐ 25-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.44. சாதாரணமாகத் தெரிகிற அந்தக் காற்றே டிஸ்க் மேலுள்ள விசையை 44 சதவீதம் கூட்டிவிடுகிறது. உங்கள் கை கொடுத்த சுழற்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி அது ஏன் வலப்பக்கம் போகிறது என்பதைப் பார்ப்போம். வேகமாகப் பறக்கும்போது தூக்குவிசை டிஸ்க்கின் நடுவில் அல்ல, சற்றுப் பின்னால் விழுகிறது. பின்பக்கம் மேலே தள்ளப்படுகிறது. சுழலும் பொருளில் இந்தத் தள்ளலின் விளைவு சுழற்சித் திசையில் கால் சுற்றுத் தள்ளித்தான் தெரியும். பின்பக்கத்தைத் தூக்கும் விசை இடது விளிம்பைத் தூக்குவதாக வெளிப்படுகிறது, டிஸ்க் வலப்பக்கம் கவிழ்கிறது. வேகம் குறைந்ததும் தூக்குவிசை முன்னால் நகர்ந்துவிடும், அப்போது எல்லாம் தலைகீழ். அதுதான் ஃபேட்.

டிஸ்க்கில் போட்டிருக்கும் நான்கு எண்களை, அதாவது ஸ்பீட் (அந்த டிஸ்க்குக்கு வேண்டிய வேகம்), கிளைடு (மிதக்கும் திறன்), டர்ன் (மைனஸ் கூடக்கூட வலப்பக்கம்), ஃபேட் ஆகியவற்றை, காற்று திருத்தி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் எல்லா டிஸ்க்கும் ஒரு படி அண்டர்ஸ்டேபிள் ஆகும், அதாவது வலப்பக்கம் திரும்பும் போக்கு கூடும். பின்காற்றில் ஒரு படி ஓவர்ஸ்டேபிள் ஆகும், அதாவது இடப்பக்கம் சாயும் போக்கு கூடும். மற்ற பதில்கள் எல்லாம் இதன் கிளைகள்தான்.

கேள்வி: எதிர்காற்றை வெல்ல இன்னும் பலமாக எறிய வேண்டும் இல்லையா?

வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கூடிப்போன வேகத்தில் நீங்களும் கூட்டுகிறீர்கள், கவிழ்வது இன்னும் சீக்கிரம் நடக்கும். போதாததற்கு, முக்கி எறியும்போது உடல் பின்னால் சாயும், மூக்கு, அதாவது டிஸ்க்கின் முன் விளிம்பு, தூக்கும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் ஒன்றை எடுத்து, முக்கால் பலத்தில், தாழ்வாக, சுத்தமான சுழற்சியோடு விடுங்கள். சுழற்சி கூடினால் கவிழ்வது தாமதப்படும்.

கேள்வி: எதிர்காற்றுக்கு எந்த டிஸ்க் வாங்கலாம்?

இன்னோவா ஃபயர்பேர்ட். எண்கள் 9, 3, 0, 4. டர்ன் பூஜ்யம், ஃபேட் நான்கு. குறைந்த தூரத்துக்கு டிஸ்க்ராஃப்ட் ஸோன், 4, 3, 0, 3. இந்த வகையில் வேறு தயாரிப்பாளர்களின் டிஸ்க்கும் சரிதான், எண்களைப் பாருங்கள். பிளாஸ்டிக்கையும் பாருங்கள். மலிவான மென் பிளாஸ்டிக் மரத்தில் மோதி மோதித் தேய்ந்து, வாங்கியபோது இருந்த உறுதியை இழக்கும். பழைய டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பள்ளமும் பிசிறும் தட்டுப்படும். அதைப் பின்காற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எதிர்காற்றுக்குப் புதிதாக, கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒன்று.

கேள்வி: எனக்குக் கவிழவில்லை. மேலே ஏறி, அந்தரத்தில் நின்று, இடப்பக்கம் தொப்பென்று விழுகிறது. வழக்கமான தூரத்தில் பாதிகூடப் போவதில்லை. நான் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்தான் போடுகிறேன்.

மூக்கு தூக்கியிருக்கிறது. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன். டிஸ்க்கின் முன் விளிம்பு, அது போகும் பாதையைவிட மேலே பார்த்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். அமைதியான நாளில் பத்து மீட்டர் இழப்போடு தப்பிக்கிற பிழை, எதிர்காற்றில் எறியையே தின்றுவிடும். இதற்கு டிஸ்க் மாற்றிப் பயனில்லை.

சரிசெய்வது மணிக்கட்டில். டிஸ்க்கைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டுங்கள். சுத்தியலால் ஆணி அடிக்கும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் இறங்குமோ, அந்தப் பக்கம் சற்றே இறக்குங்கள். முன் விளிம்பு தாழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டைவிரல் டிஸ்க்கின் மேல் அழுத்தமாக இருக்கட்டும். விடும்வரை இந்த மணிக்கட்டைக் கலைக்காதீர்கள், உடல் எடை முன்காலுக்கு வந்திருக்க வேண்டும். உயரம் வேண்டுமென்றால் தோள்களின் சாய்வால் பாதையை உயர்த்துங்கள், மூக்கால் அல்ல.

கேள்வி: நான் இடக்கை ஆட்டக்காரன்.

இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படியுங்கள். வலக்கை ஃபோர்ஹேண்டுக்கும் (உள்ளங்கை முன்னே வர எறிவது) அப்படியே. மூக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: பின்காற்றில் தூரம் கூடும் என்றார்கள். எனக்குக் குறைகிறது.

பின்காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் உங்கள் 25 மீட்டர் வேக எறி டிஸ்க்குக்கு 20 மீட்டர்தான். விசை 36 சதவீதம் குறைகிறது. தூக்குவிசை போய்விடுவதால் டிஸ்க் சீக்கிரம் இறங்கி, இடப்பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் வழக்கமான டிரைவரைத் தாழ்வாக எறிகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அண்டர்ஸ்டேபிளாகவும் கிளைடு கூடியதாகவும் ஒன்றை எடுங்கள். இன்னோவா லெபர்டு, 6, 5, மைனஸ் 2, 1. பலம் இருந்தால் ரோட்ரன்னர், 9, 5, மைனஸ் 4, 1. எடை குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. லேசான ஹைசரில் உயரமாக விடுங்கள். அது நிமிர்ந்து, மேலே போய், அங்கே வேகமாக வீசும் காற்றில் மிதந்து போகும். தரையருகே காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் இருக்கும், அதனால்தான் உயரம் இங்கே லாபம், எதிர்காற்றில் நஷ்டம். 2016-இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தது பலத்த பின்காற்றில்தான்.

கேள்வி: புதிதாக ஆடுகிறேன். காற்றுக்கு எந்த டிஸ்க் வாங்கலாம்?

மேலே பதில் இருக்கிறது. புதியவர் என்பதால் கூடுதலாக ஒன்று: ஸ்பீட் 9-க்கு மேல் இப்போது போகாதீர்கள். அந்த டிஸ்க்குகளுக்கு வேண்டிய வேகம் கைக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பக்கக்காற்று தள்ளும் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? கூடைக்கு எவ்வளவு விலகிக் குறி வைக்க வேண்டும்?

தள்ளும் தூரம் என்று ஒரே கணக்கு கிடையாது. காற்றுக்கு டிஸ்க்கின் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஹைசரில் அடிப்பக்கம் வலப்புறம் பார்க்கும். வலமிருந்து காற்று வந்தால் அடியில் பிடித்துத் தூக்கி, இடப்பக்கம் வெகுதூரம் கொண்டுபோகும். இடமிருந்து வந்தால் மேற்பக்கத்தில் அடித்துக் கீழே அமுக்கும். தூரம் குறையும், ஆனால் அதிகம் விலகாது. அன்ஹைசரில் இதற்கு நேர்மாறு. அதனால் வலமிருந்து காற்று வரும்போது கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஃபோர்ஹேண்ட் ஹைசருக்கு மாறுவது நல்லது, அதன் மேற்பக்கம் காற்றைப் பார்க்கும்.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை அண்ணா. காற்று டிஸ்க்கைத் தள்ளத்தான் செய்கிறது. மேற்பக்கம், அடிப்பக்கம் என்பதெல்லாம் சும்மா. கனமான டிஸ்க் கொஞ்சம் தள்ளப்படும், லேசானது நிறையத் தள்ளப்படும், அவ்வளவுதான்.

தள்ளல் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டையாகப் போகும் டிஸ்க் பக்கக்காற்றுக்கு மெல்லிய விளிம்பைத்தான் காட்டுகிறது. அதில் பிடித்துத் தள்ள அதிகம் இடமில்லை. ஒரே டிஸ்க்கை, ஒரே காற்றில், ஒன்றைத் தட்டையாகவும் ஒன்றை ஹைசரிலும் எறிந்து பாருங்கள். எடை மாறவில்லை, காற்று மாறவில்லை, விழும் இடம் மட்டும் ஏன் அவ்வளவு மாறுகிறது?

அதே நண்பர்: டிஸ்க்குக்குக் காற்று மட்டும்தான் தெரியும் என்று முதல் பதிலில் சொன்னீர்கள். அப்படியானால் பக்கக்காற்று என்று ஒன்றே அதற்குத் தெரியக்கூடாதே? காற்று எந்தப் பக்கம் நகர்ந்தாலும் டிஸ்க்குக்கு ஒன்றுதானே?

இன்று வந்ததில் ஆகச் சிறந்த கேள்வி இது, முழுதாகவே பதில் சொல்கிறேன். பறக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் சொல்வது சரி. ஆனால் எறிகிற கை தரையில் நிற்கிறது. சாய்வை நீங்கள் தரையை வைத்து, கூடையைப் பார்த்துத் தீர்மானிக்கிறீர்கள். அந்தச் சாய்வு காற்றுக்கு வேறாகத் தெரியும்.

எண்ணில் பார்ப்போம். எறி நொடிக்கு 25 மீட்டர், வலமிருந்து காற்று நொடிக்கு 7 மீட்டர். டிஸ்க்குக்குக் காற்று நேர் எதிரிலிருந்து வரவில்லை, சுமார் 16 பாகை வலப்புறம் தள்ளி வருகிறது. அதனால் அதன் மூக்கு இப்போது முன் விளிம்பு அல்ல, சற்று வலது விளிம்பு. ஹைசரில் வலது விளிம்பு உயர்ந்திருக்கிறது. 20 பாகை ஹைசர் என்றால், நீங்கள் மூக்கைச் சரியாக வைத்து எறிந்திருந்தாலும் காற்றைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய 5 பாகை தூக்கியிருக்கிறது. காற்று இடமிருந்து வந்தால் அதே 5 பாகை தாழ்ந்திருக்கிறது. தட்டையான டிஸ்க்கில் எல்லா விளிம்பும் ஒரே மட்டம், மாற்றம் பூஜ்யம். ஆக, பக்கக்காற்றில் நடப்பதில் பெரும்பகுதி மூக்கு விவகாரம்தான்.

இன்னொருவர்: தட்டையாக எறிந்தால் பக்கக்காற்றே பாதிக்காது என்கிறீர்களா? எனக்குக் கடைசியில் இழுத்துக்கொண்டு போகிறதே.

தட்டையாக விட்டாலும் கடைசியில் ஃபேட் வந்து இடப்பக்கம் சாய்கிறதே, அந்தக் கணத்தில் அது ஹைசர். வலமிருந்து காற்று இருந்தால் அங்கே பிடித்துக்கொள்ளும். வேகமும் குறைந்திருக்கும், அதனால் காற்றின் கோணம் இன்னும் பெரிதாகும். பக்கக்காற்றில் ஃபேட் குறைந்த மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூர டிஸ்க்) நல்லது என்பது இதனால்தான். டிஸ்க்ராஃப்ட் பஸ் மாதிரி, 5, 4, மைனஸ் 1, 1.

அதே முதல் நண்பர்: அப்போ எடைக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. 150 கிராம் டிஸ்க்கை அதே விசை 175 கிராமைவிடச் சுமார் 17 சதவீதம் வேகமாக அசைக்கும். எதிர்காற்றில் கனமானது நல்லது. ஆனால் 5 மீட்டர் எதிர்காற்று விசையைக் கூட்டுவது 44 சதவீதம். எடையால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது, வடிவம்தான் முதலில். எடைக்கு உச்சவரம்பும் உண்டு: தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் (பி.டி.ஜி.ஏ.) விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம். அதனால்தான் டிரைவர்கள் 175 கிராம் அருகே நின்றுவிடுகின்றன. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: காற்றில் எறிந்தால் முழங்கை வலிக்கிறது.

மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். வலி போகும்வரை எறியாதீர்கள்.

கேள்வி: எதிர்காற்றுக்கு நல்ல டிஸ்க் எது?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: காற்றில் பட் (கூடைக்கு அருகிலிருந்து கூடையில் போடும் எறி) போடவே பயமாக இருக்கிறது. அப்புறம், காற்று நிற்கும்வரை காத்திருக்கலாமா?

எதிர்காற்றில் பட் எழும்பும், பின்காற்றில் விழும். எதிர்காற்றில் சங்கிலியின் கீழ்ப்பகுதியையும், பின்காற்றில் மேல்பகுதியையும் குறி வையுங்கள். மெதுவாக மேலே தூக்கிப் போடுவதைவிட, சுழற்சியோடு நேராக, உறுதியாக விடுவது நல்லது, காற்றில் இருக்கும் நேரம் குறையும். மூக்கு, மறுபடியும் மூக்கு: பட்டரின் முன் விளிம்பு தூக்கினால் எதிர்காற்று அதைக் கூடைக்கு மேலே கொண்டுபோய்விடும். தவறினால் அடுத்த பட் எங்கிருந்து அமையும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடைக்குப் பின்னால் சரிவு இருந்தால் கொஞ்சம் அருகில் போட்டுவிட்டு அடுத்த எறியில் முடிப்பது அறிவு.

காத்திருக்க 30 நொடி உண்டு. முன்னவர் எறிந்து, நீங்கள் உங்கள் இடத்துக்கு வந்து, பாதை தெளிவானதிலிருந்து கணக்கு. முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராத எறி. காற்று அலை அலையாக வரும், 30 நொடியில் ஒரு தணிவு பெரும்பாலும் கிடைக்கும். அதுவரை மரத்தின் உச்சியைப் பாருங்கள். உங்கள் காலடியில் புல்லைப் பிய்த்துப் போட்டுப் பார்ப்பது அந்த இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும்.

கேள்வி: தம்பர், டொமஹாக், ரோலர் இதெல்லாம்?

தலைக்கு மேலிருந்து எறியும் இரண்டும் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பக்கக்காற்றில் நம்ப முடியாது. ரோலருக்கும் பக்கக்காற்று எதிரி. எதிர்காற்றில் பறக்கவிடுவதைவிட உருட்டுவது பல சமயம் நல்ல யோசனை. முன்னால் ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும்.

கேள்வி: கூடைக்கு அருகில் விழுந்து நின்ற டிஸ்க்கைக் காற்று தூக்கி உருட்டிவிட்டது. எங்கிருந்து ஆடுவது?

முதலில் எங்கே அசையாமல் நின்றதோ, அங்கிருந்து. நின்ற பிறகு காற்று நகர்த்தியது கணக்கில் வராது. நிற்காமல் உருண்டுகொண்டே போயிருந்தால், கடைசியில் நின்ற இடம்.